குதிரைக்கறிப் பந்தயம்

யெர்மெக்கின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "கொழுப்பு அதிகம்" என்றார்.

"அது கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் அவன் மனைவி ஷோல்பான்.

அன்று மாலையே வீட்டில் சட்டம் வந்துவிட்டது. முப்பது நாளுக்கு இறைச்சி கிடையாது. பால், வெண்ணெய், முட்டையும் கிடையாது. புருஷன், பெண்டாட்டி இருவருக்கும்தான். அல்மாட்டியில் ஒரு கசாக் ஆண்பிள்ளையிடம் இப்படிச் சொல்வது, மீனைப் பார்த்து, 'ஒரு மாதம் கரையில் இருந்து பார், உடம்புக்கு நல்லது' என்று சொல்வதற்குச் சமம்.

யெர்மெக் பந்தயம் கட்டினான். விரதத்தை முதலில் முறிப்பவர் தோற்றவர். அவள் தோற்றால் சட்டம் ரத்து. அவன் தோற்றால், பால்கனிக் குளிரில் தொங்கும் கஸி அத்தனையும் அவள் அண்ணனுக்கு. கஸி என்றால் சும்மாவா? குதிரையின் விலாக்கறியைக் கொழுப்போடு குடலில் திணித்து, குளிர்காலம் முழுக்க வைத்துத் தின்கிற செல்வம்.

ஒன்பதாம் நாள் அவன் கனவில் குதிரைகள் வந்தன. வெந்த நிலையில்.

அப்போதுதான் யோசனை உதித்தது. இந்தியக்காரர் சாப்பாட்டுக் கடையில் எல்லாவற்றிலும் நெய் இருக்கும், கடவுளைப் போல, கண்ணுக்குத் தெரியாமல்.

"வெளியில சாப்பிடலாம் வா. அங்க பாதிப் பேரு கறியே தொடமாட்டாங்களாம்."

ஷோல்பான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா கூப்பிடறீங்க? சரி, அதையும் பார்த்துடலாம்."

கடைக்காரர் குல்தீப்புக்கு அந்த ஊரில் இருபது வருஷப் பழக்கம். கை கழுவும் சாக்கில் யெர்மெக் சமையற்கட்டுக்குள் நுழைந்தான்.

"அண்ணே, என் வீட்டுக்காரி பருப்புல மட்டும் ஒரு கரண்டி நெய். அவளுக்குத் தெரியக்கூடாது. சரியா?"

குல்தீப் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஒரு ஆட்டு ஆட்டினார். கசாக்கியரின் தலை மேலும் கீழும் ஆடும், அல்லது இடமும் வலமும் திரும்பும். இது இரண்டிலும் சேராத புது ஆட்டம். யெர்மெக் அதைச் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

சாப்பாடு வந்தது. சதி ஒரு பக்கம் இருக்க, அவனுக்கு வேடிக்கை பிடித்துக்கொண்டது. ஒரு வெண்டைக்காயைப் பிளந்து விளக்கில் காட்டினான்.

"இங்க பாரு, விதையெல்லாம் பஸ்ல ஏறின மாதிரி வரிசையா உக்காந்திருக்கு! ஏன் ஷோல்பான், கறியே இல்லாம இந்தக் கடலை எப்படி இவ்வளவு ருசியா இருக்கு? என்னதான் போடுவாங்க?"

"கேட்டுட்டே வந்திருக்கலாமே. இப்பத்தான உள்ள போயிட்டு வந்தீங்க?"

அவள் பருப்புக் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். யெர்மெக் மேசையைத் தட்டினான்.

"தோத்துட்ட! அதுல நெய் இருந்துச்சு!"

குல்தீப் ஓடி வந்தார். "யாரு போட்டா? அக்கா மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. தனிச் சட்டியில எண்ணெய் விட்டு ஆக்கினேன்."

"நான் கேட்டப்ப தலையை ஆட்டினீங்களே!"

"ஆட்டினேன். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். செய்றேன்னா சொன்னேன்?"

 குல்தீப் டீக் கெட்டிலை வைத்துவிட்டு நழுவினார். ஷோல்பான் வீட்டில் செய்வதுபோலவே அரைக்கிண்ணம் ஊற்றி மரியாதையாக நீட்டினாள்.

"விடுங்க. டீயைக் குடிங்க."

டீயை மறுத்த கசாக் ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அரைக்கிண்ணம், இன்னும் ஒரு அரைக்கிண்ணம், பிறகு இன்னொன்று. அவமானம் மெல்லக் கரைந்தது.

"இஞ்சி போட்டிருக்கான். இன்னொண்ணு ஏதோ வாசனையா... என்னவா இருக்கும்? ஆனா அடியில பாரு, அப்படியே நம்ம வீட்டு டீ!"

"நம்ம வீட்டு டீயில என்ன இருக்கும்?"

"பா..."

கிண்ணம் பாதி வழியில் நின்றது. அவளுடைய கிண்ணம் மட்டும் சொட்டு ஈரமில்லாமல் கவிழ்ந்திருந்தது.

"டீக்குள்ள போன பால் பாலா? அது டீ!"

"பருப்புக்குள்ள போன நெய் மட்டும் நெய்யா?"

"நீதானடி ஊத்தின!"

"ஊத்தினது கை. குடிச்சது வாய். பந்தயம் வாய்க்குத்தான்."

யெர்மெக் பெருமூச்சு விட்டான். "சரி, நாளைக்கு உங்க அண்ணனுக்குக் கொடுத்துடலாம். இன்னைக்கு ஒரே ஒரு துண்டு மட்டும், வழியனுப்புற மாதிரி..."

ஷோல்பான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணன் மத்தியானமே வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்க. இந்நேரம் ரெண்டாவது பானை கொதிக்கும்."