கண்ணாடிக்கு நல்ல தண்ணீர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, திருத்தங்கல் காலண்டர் கம்பெனி ஒன்றில் முப்பதடி நீர்க்கம்பைக் கண்டது. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஐந்து குழாய்கள். பிடிகளைத் தளர்த்தி இழுத்தால் மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணாடிவரை நீளும். உள்ளே ஓடும் டியூபில் தண்ணீர் ஏறி, உச்சியிலுள்ள பிரஷ் வழியே பீய்ச்சும். ஏணி வேண்டாம், சாரம் வேண்டாம். தரையில் நின்றபடியே ஒரு பெண் ஆகாயத்தைக் கழுவலாம்.

அந்தப் பெண் தங்கத்தாய். நேற்றுவரை கூட்டுகிறவள், இன்று 'உயர்மட்டத் தூய்மைப் பொறுப்பாளர்'. விளக்குமாறும் அவள் பொறுப்பிலேயே தொடர்ந்தது.

ஒரே ஒரு சிக்கல். கழுவும்போது பளிங்காக இருக்கும் கண்ணாடி, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி பூத்தது. மறுபடி கழுவினால் மறுபடி பூத்தது. கழுவக் கழுவ அழுக்காகும் கண்ணாடியை உலகம் அதுவரை கண்டதில்லை.

மேனேஜர் சங்கரபாண்டியன் 'கறை ஆய்வுக் குழு' அமைத்தார். குழு மூன்று முறை டீ குடித்தது. வெயிலைச் சந்தேகித்தது, புறாக்களைச் சந்தேகித்தது, கடைசியில் தங்கத்தாயின் தோளைச் சந்தேகித்தது.

"அது உப்பு அண்ணாச்சி," என்றாள் அவள். "போர்த் தண்ணி காஞ்சா தண்ணி போயிரும், உப்பு எங்க போகும்? நாங்க குடிக்கிற குடத்துக்குள்ளயும் இதே வெள்ளதான்."

அவளுக்குச் சிறுநீரகத்தில் இரண்டு கல். நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கம்பெனியில் இருந்ததோ வாயில் வைக்க முடியாத போர்த் தண்ணீர். பைண்டிங் பெண்களோடு சேர்ந்து நாலு வருஷமாக மனு கொடுத்துவந்தாள். மனுக்கள் 'பரிசீலனையில்' நலமாக இருந்தன.

ஆனால் கண்ணாடியின் துயரத்தை எந்தக் கம்பெனி பொறுக்கும்? கம்பு விற்றவரும் போனில் அதே உப்பைத்தான் சொன்னார். அவர் சொன்னதால் அது அறிவியலாயிற்று. இரண்டே நாளில் உப்பு நீக்கும் மெஷின் வந்தது. அதை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, 'கண்ணாடி உபயோகத்திற்கு மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். கம்புக்குப் போகும் டியூப் மட்டும் ஜன்னல் வழியே வெளியே வந்தது.

தங்கத்தாய் கழுவினாள். கண்ணாடி காய்ந்தது. ஒரு புள்ளி இல்லை. மேனேஜர் கண்கலங்கி அண்ணாந்து நிற்கையில், அவள் குழாய்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக் கம்பை ஆளுயரத்துக்குக் குறுக்கி, இடுப்புவரை சாய்த்தாள். பிரஷைக் கழற்றினாள். அழகுமீனாவும் மற்ற பைண்டிங் பெண்களும் காலி பாட்டில்களோடு வரிசையில் நின்றார்கள்.

"ஏ தங்கத்தாயி, என்ன வேல பாக்குத? அது கண்ணாடிக்கு வாங்குன மெஷினு," என்றார் மேனேஜர்.

"கண்ணாடிக்கு வெளியதான அண்ணாச்சி கறை பிடிக்குது, தொடச்சா போயிரும். எங்களுக்கு உள்ள பிடிக்குது. அங்கன எந்தக் கம்பு எட்டும், சொல்லுங்க."

குழுவைக் கூட்டலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பதினோரு பாட்டில்கள் நிறைந்துவிட்டன.

கறை படியாமலிருக்க வழி, உப்பில்லாத தண்ணீர். கேட்காத கண்ணாடிக்குக் கம்பெனி அதை இரண்டு நாளில் கொடுத்தது. நாலு வருஷம் கேட்டவர்கள் தாங்களே பிடித்துக்கொண்டார்கள்.