சிவப்பு நாடாப் பக்கத்து மினுமினுப்பு

ஒரு விஷயத்தை நம்ப ஆரம்பித்துவிட்டால் என் கண், மூக்கு, கை எல்லாம் என்னோடு சேர்ந்து அதே கட்சிக்கு ஓட்டுப் போடும். இதை நான் தெரிந்துகொண்டது எங்கள் கத்தரித் தோட்டத்தில், ஊர்க்காரர்கள் நடுவில், கையில் மைக்கோடு. (மைக் செட் ஏற்பாடு பண்ணியதும் நானேதான்.)

செஞ்சி கடைத்தெருவில் பைப்பு, மோட்டார் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வல்லம் போகிற வழியில் நைனாவுக்கு (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கொஞ்சம் நிலம். அதில் எப்போதும் வேர்க்கடலைதான். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு போகம் மட்டும் கத்தரி போட அனுமதி வாங்கினேன்.

“இந்த ஒரு தபா உன் இஷ்டம்,” என்றார் நைனா. “சரிப்படலன்னா கடையப் பாத்துக்கினு கம்முனு இருக்கணும். நெலத்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது.”

நான் தைரியமாகத் தலையாட்டியதற்குக் காரணம் கம்போஸ்ட் டீ. மட்கிய உரத்தைத் துணியில் மூட்டை கட்டி, தண்ணீர் ட்ரம்மில் தொங்கவிட்டு, வெல்லம் கரைத்து, மீன் தொட்டிக்குப் போடும் மோட்டாரால் விடாமல் காற்று ஊத வேண்டும். ஒரு நாளில் நுரைத்துக்கொண்டு வரும். வடிகட்டிச் செடிக்குத் தெளித்தால் நுண்ணுயிர்கள் பெருகி இலை தளதளவென்று ஆகும் என்று செல்போனில் ஒருவர் சொன்னார். வீட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றிப் பார்த்தேன். பூத்தது. (அது அதற்கு முன்பும் பூத்துக்கொண்டுதான் இருந்தது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.) அடுத்த வாரமே எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் நான் நிபுணன்.

என் மனைவி சுமதி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். ரோஜாக் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நெலத்த ரெண்டாப் பிரிப்போம். ஒரு பக்கம் உங்க டீ. இன்னொரு பக்கம் பச்சத் தண்ணி. நானே தெளிக்கிறேன். எந்தப் பக்கம் எதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது.”

“எனக்குத் தெரிஞ்சா இன்னா?”

“ரத்தம் குடுக்குறவரே ரிப்போர்ட்டும் எழுதுனா எப்டிங்க?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பத்தடி தள்ளி நின்னே சொல்லுவேன் எது டீ குடிச்ச செடின்னு. அனுபவம்!” என்றேன். (மொத்த அனுபவம் ஒரு ரோஜாச் செடி.)

ஒரு பாதியைச் சுற்றிச் சிவப்பு நாடா, மறு பாதியைச் சுற்றி ஊதா நாடா கட்டினாள். ட்ரம் கலக்குவது என் வேலை. தெளிக்கிற அன்று நான் நிலத்துப் பக்கமே போகக் கூடாது.

சில வாரங்களில் எனக்கு விடை தெரிந்துவிட்டது. சிவப்புப் பக்கம்தான். இலை பெரிசு, பச்சை அழுத்தம், ஒரு மாதிரி மினுமினுப்பு. குனிந்து மோந்துகூடப் பார்த்தேன், வெல்ல வாசனை வந்தது. காய் பறிக்க ஆரம்பித்ததும், நான்கு பேர் பார்க்கட்டும் என்று வயல் விழாவுக்குக் குழுவில் அழைப்பு விட்டேன். “ரிசல்ட்ட மொதல்ல நம்ம ரெண்டு பேரு மட்டும் பாப்பமே,” என்றாள் சுமதி. கூட்டம் வேண்டாம் என்று கூச்சப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

விழா அன்று நல்ல கூட்டம். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். நான் மைக்கைப் பிடித்தேன்.

“எந்தப் பக்கம் டீ தெளிச்சதுன்னு எனக்கே சொல்லல. ஆனா அனுபவம் இருந்தா செடியே சொல்லும். இதோ, சிவப்பு! தொட்டுப் பாருங்க. ஊதாப் பக்கத்து இல துணி மாதிரி இருக்குது. இது தோலு மாதிரி.”

குழுவிலேயே மூத்தவரான ஏழுமலை மாமா, இலையைக் கட்டைவிரலால் தடவிக் கண்ணை மூடினார்.

“ஆமாம்ப்பா! தோலு மாதிரிதான் கீது. இன்னா மினுமினுப்பு!”

வரிசையாக எல்லோரும் தடவினார்கள். எல்லோருக்கும் மினுங்கியது. இந்தச் செடியில் பூச்சியே அண்டாது என்றார் ஒருவர். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “சுமதி, நீயே சொல்லு,” என்று மைக்கை அவளிடம் நீட்டினேன்.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“சிவப்புப் பக்கம் பச்சத் தண்ணிங்க.”

ரோட்டில் போன டவுன் பஸ் வரைக்கும் அது கேட்டிருக்கும். அவ்வளவு நல்ல மைக் செட். ‘மண்ணோட சத்து...’ என்று நான் எதையோ ஆரம்பித்தேன். அதற்குள் ஏழுமலை மாமா நாடாவைத் தாண்டி ஊதாப் பக்கம் போய்விட்டிருந்தார். அங்கே ஓர் இலையைத் தடவினார்.

“அதான பாத்தேன்! மினுமினுப்பு இங்கதான கீது!”

கூட்டம் மொத்தமும் ஊதாப் பக்கம் நகர்ந்து, அதே கட்டைவிரலால், அதே மாதிரி தடவியது. அங்கேயும் எல்லோருக்கும் மினுங்கியது. நைனா வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

சுமதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டாள். “ஒவ்வொரு பறிப்பும் தனித்தனியா எட போட்டேங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். செவப்புல கொஞ்சம் கூட. ஆனா அந்தப் பக்கம் வாய்க்காலு ஒட்டி இருக்குது, ஈரம் ஜாஸ்தி. பாத்திய மாத்தி மாத்திப் பிரிக்காம விட்டது என் தப்பு. இத வெச்சி டீ வேல செய்யுதுன்னும் சொல்ல முடியாது, செய்யலன்னும் சொல்ல முடியாது.”

“அப்ப இன்னாதாம்மா சொல்ற?” என்றார் மாமா.

“தெரியலன்னு சொல்றேன்.”

மைக்கைப் பிடித்து ஒருவர் ‘தெரியல’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆச்சரியம் என்னவென்றால், கூட்டம் அவளைச் சுற்றி நின்றுகொண்டது. எப்படிப் பிரிப்பது, எப்படி எடை போடுவது, எங்கள் நிலத்திலும் வந்து நாடா கட்டுவாயா என்று ஒரே கேள்வி. இலவசமாகக் கொடுக்க நான் பாட்டிலில் அடைத்து வைத்திருந்த கம்போஸ்ட் டீ வெயிலில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூடியாகத் தெறிக்க ஆரம்பித்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கூட்டம் கலைந்ததற்கு அதுதான் காரணம், என் பேச்சு இல்லை.

திரும்பி வரும்போது நைனா தீர்ப்புச் சொன்னார். “இனிமே நெலம் மருமவ சொல்ற மாதிரி. ட்ரம்ம வேணா நீ கலக்கிக்க.”

இன்றுவரை அப்படித்தான். பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றித் தெளிக்கிறாள். ஒரு போகம் டீ தெளித்த பாத்தி முந்தியது. அடுத்த போகம் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலை செய்கிறது என்றுதான் நான் இப்போதும் சொல்கிறேன். “இருக்கலாம்,” என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

போன மாதம் தளவானூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், “அடடா, இன்னா ருசி!” என்றேன். சட்டென்று பந்தியே நின்றது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏழுமலை மாமா, வாய்க்குப் போன கையை அப்படியே நிறுத்தி, என் பக்கத்து இலையைப் பார்த்துக் கேட்டார்.

“நீ இன்னாம்மா சொல்ற?”

சுமதி ரசத்தைக் குடித்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“நல்லாத்தான் இருக்குது மாமா.”

அதற்குப் பிறகுதான் எல்லோரும் ரசம் ஊற்றிக்கொண்டார்கள்.