ஆரிக்கா பங்கும் ஆம்ப்ரோஸ் வீட்டு மானமும்

ஞாயிறு பூசை முடிந்து காக்ஸ் டவுன் வீட்டில் கூடியிருந்தவர்கள்: டெலிபோன் ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஆம்ப்ரோஸ், அங்கே பக்கத்து மேஜையில் வேலை பார்த்த சேஷகிரி, மைத்துனன் லாயிட். ஆம்ப்ரோஸின் மனைவி மௌரீனும் இருந்தாள். பங்கு எதுவும் இல்லாதவள் என்பதால் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பிரச்சினை ஆரிக்கா. மொபைல் சிப் செய்யும் கம்பெனி. மூவரும் பங்கு வாங்கியிருந்தார்கள். லாயிட் இப்போது விற்றுவிடலாம் என்றான்.

"போன் செய்றவனெல்லாம் சொந்தமா சிப் செய்ய ஆரம்பிச்சுட்டான் மாமா. சல்லிசு போனுக்கெல்லாம் சிப் குடுத்து போட்டிக் கம்பெனி கோரின்காரன் புடிச்சுட்டான். நடுவுல ஆரிக்கா என்ன பண்ணும்?"

"ஆரிக்காகாரன் இப்ப கார்ல சிப் வெக்கறான், லேப்டாப்ல வெக்கறான். வளர்ச்சி அங்கதான்," என்றார் சேஷகிரி. "ஆனா கோரின் அங்கயும் வந்துட்டானே."

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மக குளோரியா ஆரிக்கால இன்ஜினியர். அவ கம்பெனிய இந்த வீட்ல உக்காந்தே விக்கறதா?"

அவர் பார்வை மூலை மேஜைக்குப் போனது. லேஸ் துணிமேல் அவருடைய ஃபாக்டரியில் செய்த கறுப்பு டயல் போன். இணைப்பு எப்போதோ போய்விட்டது. அவர் துடைப்பது மட்டும் நிற்கவில்லை. அவருடைய அப்பாவும் அவரும் ஒரே ஃபாக்டரி வாசலில் நுழைந்து, அதே வாசலில் கழுத்தில் மாலையோடு வெளியே வந்தவர்கள். ஃபாக்டரி ஆண்டு விழாவுக்குச் சின்னக் குளோரியாவை ஸ்கூட்டர் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார். அங்கே ஒயர் பற்றவைக்கும் சால்டர் புகையை அவள் மூக்கை உறிஞ்சி ரசிப்பாள். அந்த வீட்டில் கம்பெனி மாறுவதும் தாலியைக் கழற்றுவதும் ஒன்று.

சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்து நீட்டினார். "கிறிஸ்மஸுக்கு அவ குடுத்த போன் இது. உள்ள யார் சிப்புன்னு பாருங்க!"

சேஷகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸுக்குள் போய்ப் படித்தார். "அய்யோ ஸ்வாமி, கோரின்."

"கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான். மௌரீன், உன் போனக் குடு. அதுவும் அவ குடுத்ததுதானே."

மௌரீன் மனமில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அதிலும் கோரின்.

லாயிட் சிரித்தான். "பெத்த பொண்ணே வாங்கல, நாம வெச்சுக்கணுமா?"

ஆம்ப்ரோஸ் மகளையே அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். "குளோரியா, ஆரிக்கா எப்பிடிம்மா போகுது? இவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"டாடி... அதப் பத்தி நான் பேசக் கூடாது." போன் கட்டாகிவிட்டது.

"ரூல்ஸ்! உள்ள இருக்கறவங்க பங்கு பத்திப் பேசக் கூடாது," என்றார் ஆம்ப்ரோஸ்.

"குரல் சரியில்லையே," என்றார் சேஷகிரி. "உள்ள என்னமோ நடக்குது."

லாயிட் மெல்ல வராந்தாவுக்குப் போய், சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டான். கேக் தட்டு காலியாவதற்குள் பக்கத்து வீட்டு மரியா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அங்கிள், ஆரிக்கா மூழ்குதாமே? நம்ம குளோரியாவ வேலைய விட்டு அனுப்பிட்டாங்களாமே? குரூப் பூரா அதான் பேச்சு."

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். "எங்க வீட்டு ஆள எந்தக் கம்பெனியும் அனுப்பினதில்ல! மௌரீன், நீயே சொல்லு!"

மௌரீன் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"சுத்தப் பொய் மரியா. யாரும் அனுப்பல. அவளா விட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப கோரின்ல இருக்கா."