காரின் பின்கதவுக்காக ஜெபிப்போம்

சாயர்புரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனன் சுந்தர்சிங்குக்கு,

அத்தான் வேதமாணிக்கம் எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் ஜெனிலாவும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அக்காள் இன்பமணி சுகம், கார் இல்லை. இல்லை என்றதும் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்காதே. போய்விட்டது! ஒழிந்தது! லீசுக் கம்பெனிக்காரனே லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஜெயித்த கதையைத் தொடங்கினாலே உன் போனுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து முழுக்க வாசி.

அந்தச் சொகுசுக் காரை நான் ஆடம்பரத்துக்காக எடுக்கவில்லை. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி சப்ளை பண்ணுகிறவன், கேப்டனைக் கூட்டிப்போகப் பழைய ஜீப்பில் போய் நின்றால் ஆர்டர் அடுத்தவனுக்குப் போய்விடும். அதனால்தான் மூன்று வருஷ லீசில் எடுத்தேன். எடுத்த முதல் வாரமே டிக்கி தானாகத் திறக்க ஆரம்பித்தது. துறைமுக கேட்டில் காவலுக்கு நிற்கிறவர் கேட்பதற்கு முன்னாலேயே திறந்து காட்டும். "ஒங்கள மாதிரி ஒழுங்கான ஆளப் பாத்ததில்ல அண்ணாச்சி" என்று அவர் சல்யூட் அடித்தார், நானும் வண்டிக்குப் புத்தி அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அதே டிக்கி மறுநாள் மெயின் ரோட்டில் திறந்துகொண்டது. கப்பலுக்குப் போகவேண்டிய முட்டைக்கோஸ் அத்தனையும் ரோட்டில் உருள, பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வர, வழி கேட்கிறான் என்று நினைத்து நான் அவனைத் திட்டிக்கொண்டே துறைமுகம் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் பின்சீட்டு. முதுகு பிடித்துவிடுவதற்கு அதில் ஒரு பட்டன் உண்டு. பட்டனை யாரும் தொடாமலே அது பிடித்துவிட ஆரம்பிக்கும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது. ஒரு கிரேக்கக் கேப்டனை அதில் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன். மனுஷன் இறங்கினால் போதும் என்று கதவைத் தள்ளுகிறார், பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. கடைசியில் முன்சீட்டு வழியாக ஊர்ந்து வந்து, என் மடியில் கையை ஊன்றி இறங்கினார். அந்தக் கப்பல் என்னிடம் ஒரு வெங்காயம்கூட வாங்காமல் கிளம்பிப் போய்விட்டது.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். உன் அக்காள் பொறுக்காதது சாத்தான்குளம் கல்யாணத்தில் நடந்ததைத்தான். கோயில் வாசலில் நான் இறங்கினேன், இன்பமணி பட்டுச்சேலையைச் சரிபண்ணிக்கொண்டு பின்னால் இருந்தாள், கார் 'க்ளிக்' என்று நாலு கதவையும் பூட்டிக்கொண்டது. சாவி என் கையில்தான் இருக்கிறது, அமுக்குகிறேன், அமுக்குகிறேன், அது என்னை யாரென்றே தெரியாத மாதிரி நிற்கிறது. பின்சீட்டு வேறு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. உள்ளே அவள் குலுங்கிக்கொண்டே என்னைத் திட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அது ஒன்றுதான் அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு என்ன நினைத்ததோ, மேல்கூரைக் கண்ணாடி மட்டும் தானாகத் திறந்தது. சனமெல்லாம் கூடி அவளை அந்த வழியாகத் தூக்கி வெளியே எடுத்தார்கள். மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக வந்து ஒரு கை கொடுத்தான். வீட்டுக்கு அவள் பஸ்ஸில்தான் வந்தாள். வந்து நின்றபடியே சொன்னாள்: "இந்தாருங்க, ஒண்ணு இந்தக் காம்பவுண்டுல அது நிக்கணும், இல்ல நான் நிக்கணும். அதைத் தொலைக்க முடியலன்னா சொல்லிருங்க, நான் தம்பி வீட்டுக்குப் போயிருதேன்." உன் அக்காள் சொன்னால் செய்கிறவள்.

லீசுக் கம்பெனியின் தூத்துக்குடி கிளை மேனேஜர் பெவின் என்று ஒரு பையன், நம்ம சாயர்புரத்துக்காரன்தான். அவனிடம் போனால், "லீசு முடியாம திரும்ப எடுக்க முடியாது அண்ணாச்சி. எடுக்கணும்னா கம்பெனி ஆளு கண்ணால ஃபால்ட்டப் பாக்கணும்லா?" என்கிறான். மதுரை சர்வீஸ் சென்டருக்கு எத்தனையோ தடவை கொண்டுபோனேன். அங்கே போனதும் அது புது மருமகள் மாதிரி அடக்க ஒடுக்கமாக நிற்கும். குறை ஒன்றுமில்லை என்று எழுதித் தருவார்கள். வரும் வழியில் கோவில்பட்டி தாண்டுகிறதற்குள் டிக்கி திறந்துவிடும். பெவினிடம் கத்தினால், "ஒங்க ஊரு உப்புக்காத்து அப்படி" என்கிறான். ஏலே, அது உன் ஊர் காற்றும்தானலே!

மனிதரிடம் சொல்லிப் பயனில்லை என்று கோயிலில் ஜெபக் குறிப்பு எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை குருவானவர் பீடத்தில் நின்று, "சகோதரர் வேதமாணிக்கத்தின் காரின் பின்கதவுக்காக ஜெபிப்போம்" என்று வாசித்தார். சபை சிரித்தது. கதவு திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கதவுக்காக ஜெபித்து என்ன செய்ய, திறக்கவேண்டியது அந்தப் பயல் மனசு அல்லவா? அடுத்த வாரம், "லீசுக் கம்பெனி மேனேஜர் தம்பி பெவினின் கல்மனம் கரைய" என்று எழுதினேன். அதற்கடுத்த வாரமும் அதேதான். நம் சபை ஆராதனை இப்போது யூடியூபில் வேறு போகிறது; துபாய் வரைக்கும் ஆமென் போடுகிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவனுக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கத் தொடங்கிவிட்டார்கள். அவன் அம்மா ஜெபசெல்வி மார்க்கெட்டில் தலைகாட்ட முடியவில்லை. அவனுக்கு நம்ம பக்கத்து நாசரேத் ஊரில் பெண் பேசியிருந்தார்களாம். பெண் வீட்டார், "வாரா வாரம் ஒரு சபையே அழுது ஜெபிக்கிற அளவுக்குப் பையன் என்ன செஞ்சான்?" என்று கேட்டுவிட்டார்கள்.

மறுநாளே அம்மாவும் மகனும் என் வாசலில். "அண்ணாச்சி, ஜெபத்த நிறுத்துங்க" என்கிறான் பெவின். "முதல்ல வண்டியில ஏறி உக்காருலே" என்றேன். கோட்டும் டையுமாகப் பின்சீட்டில் ஏறினான். சுந்தர்சிங், ஆண்டவர் நல்லவர்! மதுரையில் ஒரு நாளும் வாயைத் திறக்காத வண்டி, அன்றைக்குத் தன் வித்தையெல்லாம் வரிசையாகக் காட்டியது. பூட்டிக்கொண்டது, டிக்கி திறந்தது, சீட்டு அவனைப் போட்டுப் பிசைந்தது. "ஏலே பெவினு, வெளிய வாலே!" என்று ஜெபசெல்வி கண்ணாடியைத் தட்டுகிறாள். கடைசியில் மேல்கூரை வழியாகத் தலையை நீட்டி, சென்னை ஆபீசுக்குப் போன் போட்டு, "சார், ஃபால்ட்ட நானே பாத்துட்டேன் சார், உள்ளதான் இருக்கேன் சார்" என்று கதறினான். நேற்று லாரி வந்தது. இன்பமணி வாசலில் நின்று கை தட்டினாள். இரவு எனக்கு நெத்திலி வறுத்து வைத்தாள். உலகத்தில் எந்தக் கம்பெனியையும் பணியவைக்க உன் அத்தானால் முடியும் என்று உன் ஆபீசில் எல்லோருக்கும் சொல்.

பிள்ளைகளை ஆண்டவர் தம் செட்டைகளின் நிழலில் காப்பாராக. ஜெனிலாவுக்கு என் வாழ்த்துதல். நிம்மதியாகத் தூங்குகிற,

உன் அத்தான்,
வேதமாணிக்கம்

பி.கு.: ஒட்டி வைத்த கடிதத்தைத் தபாலில் போட மறந்து, ஒரு மாதம் கழித்து இப்போது பிரித்து எழுதுகிறேன். நேற்று அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடும்போது நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஏலத்தில் என்னிடம் தோற்கிற ரைஸ்மில் அருமைநாயகம் அந்தக் காரைக் கம்பெனியிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரிப்பன் கட்டி, காணிக்கையாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஏலம் தொடங்கியதும் அவனே முதல் விலை கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு இதெல்லாம் கட்டுபடியாகாது" என்றான். என் கை தானாக மேலே போய்விட்டது. அவன் ஏற்ற நான் ஏற்ற, சபை ஆர்ப்பரிக்க, கடைசியில் ஜெயித்தது நான்தான். கார் இப்போது காம்பவுண்டில் நிற்கிறது. லீசு கீசு ஒன்றும் கிடையாது, சொந்தம். உன் அக்காள் பெட்டியோடு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அங்கே வந்திருப்பாள். மேலே எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டாதே. ஒன்று மட்டும் எடுத்துச் சொல். மூன்றாம் தரம் என்று மணி அடித்தபோது அருமைநாயகத்தின் முகம் போன போக்கு இருக்கிறதே, அவள் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டாள்.