பாலாடை விஷயமாகக் காசியம்மாளுக்கு

திருநள்ளாறு
1984 வைகாசி, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி நாத்தனார் காசியம்மாளுக்கு, உன் அண்ணன் பெண்டாட்டி தையல்நாயகி எழுதிக்கொள்வது. தெய்வ கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்க வேண்டியது கடுதாசி முறை, அதனால் கேட்கிறேன். வேற அர்த்தம் எடுத்துக்காதே. முப்பது வருஷமா பேசாதவ இப்ப சமாதானத்துக்கு வர்றான்னு உங்க ஊரு வரிச்சிக்குடி பூரா சொல்லிக்கிட்டுத் திரியவும் வேண்டாம். உன்கிட்ட ஒரே ஒரு விவரம் கேட்கணும், அதுக்குத்தான் எழுதுறேன். மருமவ மலர்க்கொடியை எழுதச் சொன்னா விஷயம் அவளுக்குத் தெரிஞ்சுபோகும். அதனால மூணாங்கிளாஸோட நின்ன கையால நானே எழுதுறேன், கோணலா இருந்தாலும் முழுசாப் படி.

நமக்குள்ள பேச்சு எதுக்கு நின்னுதுன்னு நீ மறந்திருக்கலாம், நான் மறக்கல. காரைக்கால்ல வெள்ளைக்காரன் கொடி இறங்கின அந்த ஐப்பசி, செவ்வாக்கிழமை. என் மூத்த புள்ள உத்திராபதிக்கு ஒன்றரை வயசு, மூணு நாளா பேதி. ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லியிருந்தாங்க, நானும் குடத்தை மூடி வச்சிருந்தேன். பதினஞ்சு வயசுக் குமரி நீ, நான் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, எங்கம்மா வீட்டுச் சீரா வந்த, புள்ளைக்குப் பால் புகட்டுற வெள்ளிப் பாலாடையில தண்ணி மொண்டு அவனுக்குப் புகட்டிக்கிட்டு இருந்தே. பொழுது சாயுறதுக்குள்ள அவன் போயிட்டான். தண்ணி குடுத்துக் கொன்னவ நீதான்னு தெருவே கேட்கச் சொன்னேன். உன் கல்யாணத்துக்கு உன் அண்ணன் வந்தார், நான் வரல. ஆனா எத்தனை பந்தி, எந்தப் பந்தியில ரசம் தீர்ந்துபோச்சுங்கிறது எனக்குத் தெரியும். எழுபத்தேழு புயல்ல உன் வீட்டுக் கூரை போனப்ப வண்டி நிறைய கீத்து வந்துதே, அதை ஏத்தி அனுப்பினது நான்தான், அதையும் உபகாரம்னு நினைச்சுக்காதே. சனிப்பெயர்ச்சிக் கூட்டத்துல நீ என்னைப் பார்த்து சிரிச்சே. நான் கொடிமரத்தைப் பார்த்தேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என் மவன் தங்கையன் பொண்ணு அல்லிக்குப் பதினாறு மாசம். போன வியாழக்கிழமை சாயங்காலம் வயித்தால போக ஆரம்பிச்சுது. மலர்க்கொடி நாலு பலாச்சுளையைத் தின்னுட்டுப் பால் குடுத்ததுதான் காரணம்னு நான் சொன்னேன், நான் மாங்காத் துண்டை நக்கக் குடுத்ததுதான் காரணம்னு அவ சொன்னா. நல்ல வாய் அவளுக்கு. வசம்பு சுட்டுத் தேய்ச்சேன், ஜாதிக்கா இழைச்சேன், மாதுளை ஓடு இழைச்சேன், சுத்திப் போட்டேன், ஒண்ணும் நிக்கல. வெள்ளிக்கிழமை பூரா குடத்து மேல தாம்பாளத்தைக் கவுத்து, அதுக்கு மேல அம்மிக் குழவியை வச்சு, எதிர்ல நானே உட்கார்ந்துட்டேன். "அத்தை, புள்ள நாக்கை நாக்கை நீட்டுது, ஒரு வாய் குடுக்கிறேனே"ன்னு மலர்க்கொடி அழுதா. "குடிச்சா அப்படியே கீழ போவும். ஒண்ணைப் பறிகுடுத்தவ நான், எனக்கு நீ சொல்ல வேண்டாம்"னேன். உன் அண்ணன் வாசல்லேருந்து, "குடுத்தாத்தான் என்னாடி?"ன்னார். "நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க"ன்னேன். காட்டினார். மாடு குடிச்சுது.

சனிக்கிழமை விடிஞ்சதும் புள்ள அழுதா. சத்தம் வந்துது, கண்ணுல தண்ணி வரல. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருந்துது. அந்தக் கண்ணை நான் முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கேன் காசி. தூக்கிக்கிட்டு ஓடினோம். சனிக்கிழமை திருநள்ளாத்துல பஸ் ஏறுறது உனக்குத் தெரியும், நளதீர்த்தத்துல முழுகினவங்க ஈரத்துணியோட முந்தி ஏறுறாங்க. ஒரு பட்டணத்து ஆளு, "பாட்டி, வரிசையில வாங்க"ன்னார். "புடிச்ச சனியை இங்க விட்டுட்டுத்தானே போறீங்க, அடுத்த பஸ்ல போனா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது"ன்னேன். அவரே இறங்கி எங்களை ஏத்திவிட்டார்.

காரைக்கால்ல நபீசா டாக்டர்கிட்ட போகணும்னு மலர்க்கொடி ஒத்தைக் கால்ல நின்னா. ஊசி போடாத டாக்டர்னு அவளுக்குப் பேரு. ஊசி போடாதவகிட்ட எதுக்கு அவ்வளவு கூட்டமோ தெரியல. சின்னப் பொண்ணு, முக்காடு நழுவாம உட்கார்ந்திருந்தா. அல்லி வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளித் தூக்கி விட்டா. தோல் உடனே படியல, யோசிச்சு யோசிச்சு இறங்குச்சு. வாயைத் திறந்து பார்த்தா. "ரத்தம் கலந்து போச்சா? ஜுரம் இருக்கா? கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போச்சு?"ன்னா. "நேத்து மத்தியானம்"னு மலர்க்கொடி சொன்னா. "தண்ணி குடுத்தீங்களா?" மலர்க்கொடி என்னைப் பார்த்தா, நான் காலண்டரைப் பார்த்தேன். "பேதிக்கு யாராவது தண்ணி குடுப்பாங்களா? நீ ஒரு ஊசியைப் போடு, நாங்க போறோம்"னேன். "உடம்புத் தண்ணி பூரா வெளிய போயிக்கிட்டு இருக்கு பாட்டி. உள்ள போறதையும் நீங்க அடைச்சுட்டா புள்ள என்ன பண்ணும்? இதுல உசுரு போறது வறட்சியாலதான்"னு சொல்லிட்டு, காய்ச்சி ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையுமா இருந்த ஒரு பொட்டலத்தைக் கரைச்சுக் குடுத்தா. "கொஞ்சம் கொஞ்சமா விடாம புகட்டுங்க, தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க. உச்சிப் பொழுதுக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, புள்ள துவண்டாலோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி பாட்டில் ஏத்தணும்"னா.

வெளிய பெஞ்சுல உட்கார்ந்தோம். மலர்க்கொடி பையைத் துழாவி ஒண்ணை வெளிய எடுத்தா. அந்த வெள்ளிப் பாலாடை! உன் மேல சாட்சிக்குன்னு முப்பது வருஷமா என் டிரங்குப் பெட்டி அடியில துணி சுத்தி வச்சிருந்தது. "யாரைக் கேட்டுடி எடுத்தே?"ன்னேன். "யாரைக் கேட்டாலும் குடுக்க மாட்டீங்கன்னுதான் அத்தை"ன்னா. அவ கையிலேருந்து வாங்கி நானே ஊத்தினேன். விளிம்பு நெளிஞ்ச பாலாடை, ஒரு பக்கமா ஒழுகுச்சு. புள்ள பாலாடையைக் கடிச்சுப் புடிச்சுக்கிச்சு, விட மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல அத்தனையும் வாந்தி. "பார்த்தியா!"ன்னு டாக்டரைப் பார்த்துக் கத்தினேன். "பத்து நிமிஷம் விட்டு இன்னும் மெதுவா குடுங்க"ன்னு உள்ளேருந்தே குரல். பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, ஒண்ணும் இல்ல. காதுவலிப் புள்ளையை வச்சிக்கிட்டிருந்த மீன்காரப் பொம்பளை ஒருத்தி, "போச்சாக்கா? போச்சாக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் சொட்டுச் சொட்டாப் புகட்டிக்கிட்டே இருந்தேன். பதினொண்ணே முக்காலுக்கு என் புதுச் சேலையில கதகதன்னு ஒரு சூடு. "போயிட்டா!"ன்னு நான் போட்ட சத்தத்துல பெஞ்சே எழுந்து நின்னுது. டாக்டர் எட்டிப் பார்த்து, "நல்லா போச்சா பாட்டி?"ன்னாங்க. "தாராளமா போச்சும்மா"ன்னேன். அப்ப என் கண்ணுல தண்ணி வந்ததா மலர்க்கொடி உன் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கா. அது மீன்கூடை வாடை.

கிளம்பும்போது யாரோ வீட்டு விஷயம் மாதிரி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இதே மாதிரி ஒரு புள்ளைக்கு, ஒரு பொண்ணு ஒளிச்சுத் தண்ணி குடுத்துச்சு. அதனாலயா போச்சு?"ன்னு. "அந்த வீட்டுல சரியாச் செஞ்சது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். இன்னும் குடுத்திருந்தா பொழைச்சிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. எவ்வளவு குடுத்துச்சு?"ன்னாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதைத்தான் கேட்கிறேன். அன்னைக்கு எத்தனை பாலாடை குடுத்தே? அதை மட்டும் ஒரு கார்டுல எழுதிப் போடு. நேர்ல வர வேண்டாம், எனக்கு வேலை இருக்கு.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். வயசுல மூத்தவங்கிற முறையில உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
தையல்நாயகி

பின்குறிப்பு: கார்டு போடாதே. டாக்டர்கிட்ட தெரியாதுன்னு சொன்னது பொய். மூணு. மூணு பாலாடை மடக்கு மடக்குன்னு குடிச்சான், நான் கொல்லைக் கதவாண்டை நின்னு பார்த்தேன். நாலாவதை நீ மொண்டப்ப உன் கையைத் தட்டிவிட்டேன். அம்மியில பட்டு நெளிஞ்சதுதான் அந்த விளிம்பு. நீ எதையும் மறந்திருக்க மாட்டே, அப்ப அவன் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்தான் காசி. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துடு. அன்னைக்குத் தெருவே கேட்கச் சொன்னவ, அதே தெருவுல நின்னு மாத்திச் சொல்றேன். அதிரசம் சுட்டுக்கிட்டு வராதே, உனக்கு என்னைக்கும் பாகு வராது. நெளிசலை நிமிர்த்தி வைக்கிறேன்னு உன் அண்ணன் சொன்னார், வேண்டாம்னுட்டேன். அப்படியே கழுவி வச்சிருக்கேன். அந்த நாலாவதை நீ வந்து அல்லிக்குக் குடு.