துரை கட்டிலில் என் மகன்

தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா, கூடாதா? டாக்டரிடம் கேட்டேன், சிரித்தார். திருநெல்வேலியிலிருக்கும் அம்மாவிடம் போனில் கேட்டேன். "தூங்குத பிள்ளைய எவளாவது எழுப்புவாளாட்டி" என்றாள். மாமியார், "பகல்ல தூங்கவிட்டா ராத்திரி யாரு முழிக்கது" என்கிறார். எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. ஆனால் இதற்கு நான் தப்பான விடை எழுதிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

என் கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். நானும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள்தான் (டிப்ளமோ, முதல் வகுப்பு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்). மகன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, கவலைப்படுவதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டேன்.

கணவரின் கம்பெனியில் குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிப்போனார்கள். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு துரை பங்களா. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் குடியிருந்த வீட்டை மேஜை, கட்டில், கண்ணாடியோடு அப்படியே வைத்து மியூசியமாக்கியிருந்தார்கள். மகனுக்கு அப்போது ஒரு வயது தாண்டி, பல் முளைத்துக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி அவன் தூங்கவில்லை, அதனால் நானும் தூங்கவில்லை. கணவர் நைட் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு பஸ் ஏறியவர்.

மகன் அழுத அழுகையில் டிரைவர் பாட்டையே நிறுத்திவிட்டார். கணவரோடு வேலை செய்பவரின் மனைவி, வடக்குப்பட்டு தேவகி அக்கா, முன் சீட்டிலிருந்து திரும்பினார். "இன்னாம்மா, புள்ளைக்கு வவுறு ரொம்பலியா? அழுதுகினே கீதே."

அன்போடுதான் கேட்டார். என் காதில், 'இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்று மைக்கில் அறிவித்தது போல் விழுந்தது. இவன் எப்படியாவது தூங்க வேண்டும், திரும்பும்போது இந்த பஸ் அமைதியாக இருக்க வேண்டும். அன்றைக்கு என் வேண்டுதல் அவ்வளவுதான்.

துரையின் படுக்கையறையில் என் தோளிலேயே தூங்கிப்போனான். எங்கள் ஆட்கள் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார்கள். எனக்குக் கை மரத்துவிட்டது. எதிரே தேக்குக் கட்டில், வெள்ளை விரிப்பு, கொசுவலை. குறுக்கே ஒரு தடுப்புக் கயிறு. 'பொருட்களைத் தொடாதீர்கள்' என்று பலகை. படித்தேன். நன்றாக யோசித்தேன். நான் தொடப் போவதில்லை, அவன் படுக்கத்தான் போகிறான். துரையும் ஊருக்குப் போய் வெகுகாலமாகிறது.

கிடத்தினேன். அறையில் பொட்டுக் காற்றில்லை, அவன் நெற்றி வேர்த்தது. அண்ணாந்து பார்த்தால் பங்கா. கூரையிலிருந்து தொங்கும் நீளமான துணிச் சட்டம், கயிற்றை இழுத்தால் ஆடிக் காற்று வரும். கயிறு சுவரோரம் என் கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்கியது. தூளிக் கயிறு இழுத்துப் பழகிய கை அல்லவா, தானாகப் போய்விட்டது. கிரீச்சென்றது. பிறகு காற்று வந்தது. மகன் தூக்கத்தில் சிரித்தான். லைனில் நின்ற உடம்பு எனக்கு, வேகம் கூடாமல் குறையாமல் இழுத்தேன்.

அப்போது வேறொரு கூட்டம் வழிகாட்டியோடு உள்ளே வந்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். "ஆபீஸ்ல புதுசா ஏற்பாடு பண்ணிட்டாங்க போல" என்று முணுமுணுத்துவிட்டு, குரலை உயர்த்தினார். "பாருங்க, துரை தூங்குற வரைக்கும் இப்படித்தான் இழுத்துக்கிட்டே இருக்கணும்."

"அந்தக் கொழந்த பொம்மை இன்னா தத்ரூபமா கீது பாரேன்" என்றார் ஒரு பெண்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் பொம்மை எழுந்துவிடுமே. தலையைக் குனிந்து இழுத்தேன் (முதுகைக் கொஞ்சம் வளைத்தும் காட்டினேன். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டாமா).

என்னைத் தேடி வந்த கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாற்றாள் வராமல் லைனை விட்டு நகரக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் ரத்தத்தில் ஊறியது. தடுப்பைத் தாண்டி வந்து, "விடு, நான் பாத்துக்கிடுதேன். போய்த் தண்ணி குடி" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"இது ஷிப்ட் மாத்துறது" என்றார் வழிகாட்டி. கூட்டம் மெதுவாகக் கைதட்டியது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், கணவர் கயிற்றைக் கையில் சுற்றியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் பார்க்கவே பக்கவாட்டில் சரிந்தார். அவர் பாரம் முழுக்கக் கயிற்றில் இறங்க, பங்காவின் ஒரு முனை பிடுங்கிக்கொண்டு வந்தது. கலெக்டர் காலத்துத் தூசி எல்லோர் தலையிலும் கொட்டியது. சட்டம் கட்டிலில் கொசுவலை தொங்கும் மேல்கம்பியில் தட்டி நின்றது. எனக்கு உயிர் போய் வந்தது. மகன் புரண்டு படுத்தான்.

காவலாளி ஓடி வந்தார். நான் உதட்டில் விரல் வைத்து, "தூங்குறான் சார்" என்றேன்.

அவரும் பிள்ளை பெற்றவர் போலும். கிசுகிசுத்தே திட்டினார். "யாரைக் கேட்டும்மா உள்ள வந்த? போர்டு போட்டிருக்குல்ல?"

"படிச்சேன் சார்" என்று கிசுகிசுத்தேன்.

"நம்ம ஆளுங்க இல்லியா இவங்க?" என்று கிசுகிசுத்தார் வழிகாட்டி.

வாசலிலிருந்து தேவகி அக்காவின் குரல் முழங்கியது. "அடிப்பாவி, துரை கட்டில்ல புள்ளைய போட்டுட்டு, புருசன பங்கா இழுக்க வுட்டுகினு கீறியே."

மகன் எழுந்து உட்கார்ந்தான். பொம்மை என்று சொன்ன பெண் அலறிக்கொண்டு புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். மகன் அண்ணாந்து பார்த்தான். காற்று வரவில்லை. ஆரம்பித்தான்.

கணவர் ஏணியில் ஏறி, காவலாளி சொன்னபடி பங்காவைப் பழைய இடத்தில் மாட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. கடற்கரை போயிற்று. பஸ்ஸிலும் அவன் ஓயவில்லை. கடைசியில் தேவகி அக்கா ஒரு துண்டை விரித்து அவன் தலைக்கு மேல் ஆட்டினார். பட்டென்று அடங்கினான். நிறுத்தினால் அழுகை. அவருக்குக் கை வலித்ததும் பின் சீட்டுக்காரர் வாங்கினார், அவரிடமிருந்து இன்னொருவர். பஸ் முழுக்க ஷிப்ட் போட்டு ஸ்ரீபெரும்புதூர் வரை ஆட்டினார்கள். நான் வேண்டிய அமைதி கிடைத்தது, இந்த விதமாக.

இன்றும் தேவகி அக்கா எங்கே பார்த்தாலும், "இன்னா துரைசானி, கயிறு யார் கையில கீது?" என்றுதான் கேட்பார். கேள்வி நியாயமானது. எங்கள் வாடகை வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது, அது மகனுக்குக் கணக்கில்லை. கணவர் கூரைக் கொக்கியில் போர்வையைக் கட்டி ஒரு பங்கா செய்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் காபிக்கு முன் கயிறு கொடுக்கிறோம்.

வரும் ஜூனில் அவனை எல்கேஜியில் சேர்க்கிறோம். அங்கே மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்களாம். மிஸ்ஸிடம் இதை எப்படிச் சொல்வது, அல்லது அதற்குள் இந்தப் பழக்கத்தை அவனுக்கு எப்படி மறக்கடிப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பால் மறக்கடிக்கத் தடவுகிற வேப்பெண்ணெய் மட்டும் வேண்டாம். கயிற்றில் தடவிப் பார்த்தாகிவிட்டது, இழுக்கிறவள் நான் என்பது தடவிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.