என் கணவர் முகத்தில் ஹுஸ்

1924, ஜூன் 28

ஒலமோத்ஸ் பேராலயத்தின் வணக்கத்துக்குரிய குருவும் என் தம்பியுமான மெத்தோத்யேய் சுவாமிக்கு, அக்காள் அப்போலேனா எழுதுவது. சேசு மரி சூசை துணை. நான் நலமில்லை, நலம் என்று எழுதினால் பொய். கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குப் பொய் சொல்லித்தரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன், குடியரசு பிறந்த குஷியில் நம் தேசபக்தர்கள் பாலத்திலிருந்த புனித நெபோமுக் அருளப்பர் சிலையை, பழைய பேரரசின் சின்னமென்று ஆற்றில் தள்ளியது நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் வாவ்ரினெட்ஸ் நவம்பர்த் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, புனிதரின் தலையை மட்டும் மீட்டு வந்தார். மூன்றாம் வாரம் நிமோனியாவில் போய்விட்டார். தலை இன்னும் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

இந்த வசந்தத்தில், கல்லறையில் வைக்க முகம் செதுக்கச் சொல்லி அவருடைய ஒரே புகைப்படத்தைச் சிற்பி க்ருபிச்காவிடம் கொடுத்தேன். நேற்று அதைத் திருப்பிக் கேட்கப் போனால், பட்டறையில் பத்தடி உயரத்துக்கு யான் ஹுஸ் நிற்கிறார், பதிதன் என்று திருச்சபை சுட்டெரித்த அதே ஹுஸ், அவரை எரித்த நாளான ஜூலை ஆறாம் தேதி சதுக்கத்தில் திறக்கப்போகிறார்களாம், அங்கி ஹுஸுடையது, தாடி ஹுஸுடையது, முகம் என் புருஷனுடையது!

"என்னடா இது?"

"கோச்சுக்காதீங்கம்மா. ஹுஸ் முகத்த யாரு பாத்தா? செத்து ஐந்நூறு வருஷமாச்சு. எனக்குத் தியாகி முகம் ஒண்ணு வேணும். நம்மூர்ல எல்லாரும் கொழுகொழுன்னு இருக்கானுங்க."

"தியாகியா? அது வயித்துப்புண்ணுடா! படத்தக் குடு."

"நாளைக்குத் தரேம்மா."

சிலைக் குழுத் தலைவர், ரொட்டிக்கடை வொண்ட்ரா, அங்கேயே நின்று பல்லைக் காட்டுகிறார்: "முப்பத்தோரு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினவரு. அவரு தியாகி இல்லன்னா வேற யாரும்மா?"

நற்கருணைப் பவனியில் வருஷம் தவறாமல் குடை பிடித்த மனுஷன், தம்பி! இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் பூசைக்கு அவரத் தாண்டித்தான் போகணும், அவரு கோயிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாரு. உங்க பேராலயத்து மேற்றிராணியார் கால்ல விழுந்தாவது, அந்த முகத்த உளி வச்சு எடுக்கச் சொல்லு.

நீ குரு, அதனால் உன் ஆசீரைக் கேட்கிறேன். நான் மூத்தவள், அதனால் என் ஆசீரையும் வைத்துக்கொள்.

அப்போலேனா

பி.கு. (ஜூன் 30): மேற்றிராணியாரிடம் போகாதே. இன்று காலை க்ருபிச்கா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். புகைப்படம் களிமண் தொட்டியில் விழுந்து போன மாதமே கரைந்துவிட்டதாம். மறுபடி பட்டறைக்குப் போனேன். அவருக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு; அதையும் செதுக்கி முடிக்கும்வரை நகராமல் நின்றேன். ஆறாம் தேதி முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.